சூரியன் திரும்பிய நாளின் கூட்டக் குறிப்பு

ஐம்பத்தெட்டு நாள் கழித்து
இன்று பதினொன்று நாற்பதுக்கு வருகிறது.
பள்ளிக்கு விடுமுறை. பேக்கரியில்
ஜாம் வைத்த உருண்டை ரொட்டி எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டது.
இதே நாளில் வைத்தார்கள் கூட்டத்தை.
ஓஸ்லோவில் யார் எங்கள் நாட்காட்டி பார்க்கிறார்கள்?

நான் குறிப்பெழுதுபவள். நகராட்சிச் சம்பளம்.
யார் பேசினாலும் எழுத வேண்டும்,
யாராவது அழுதால்
'சிறு இடைவேளை' என்று.

அமைச்சகத்தின் எஸ்கில் ஹௌகெருட்
பனி சொட்டும் காலணியோடு திரையில் படம் காட்டினார்:
மேகங்களுக்கும் மேலே மெல்லிய தூள்,
வெயிலில் நூற்றுக்கு ஒன்றை வந்த வழியே அனுப்பும்.
அனுப்பப் போவதில்லை, என்றார் உடனே.
ஆய்வு மட்டும்.
ஆய்வுக்கான விதி மட்டும்.
விதிக்கான வரைவு மட்டும்.
வெங்காயம் உரித்த கதையாய்
கடைசியில் மிஞ்சியது பிரிவு ஏழு:
பத்து கிலோவுக்கு மேல் தூவ
உரிமம் வேண்டும்.

கையால் சூரியனை மறைக்க முடியுமா, என்றது
பின்வரிசைக் குரல். சிரிப்பு.
எஸ்கில் சிரிக்கவில்லை.
"அதை அறியத்தான் நிதி ஒதுக்கியிருக்கிறோம்."

இறால் படகு ஹால்வார் கேட்டார்:
அந்த ஒன்று, எந்த ஒன்று?
ஜூலையில் எடுத்துக்கொள்ளுங்கள், தூக்கமே வருவதில்லை.
ஜனவரியில் எங்களிடம் நூறு ஏது?
கேள்வியை எழுதினேன்.
பதிலுக்கு இடம் விட்டேன்.

பிறகு இங்கா-பிரெத் எழுந்தாள்.
போன நவம்பரில் பனி மேல் மழை பெய்தது,
விடிவதற்குள் கண்ணாடியாய் இறுகியது.
அடியில் பாசி. மேலே அவள் கலைமான்கள்,
தோண்டித் தோண்டிக் குளம்பு தேய்ந்து.
அறுபத்து மூன்று.
"வேண்டாம் என்று சொல்லத்தான்
நூற்றுப்பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்தேன்.
சொல்ல வாய் வரவில்லை.
அதற்காக உங்களை மன்னிக்க மாட்டேன்.
இதை எழுதிக்கொள்ளுங்கள்:
நிறுத்தும் சாவி யார் சட்டைப்பையில்?
ஒருநாள் நிறுத்தினால்
தள்ளிவைத்த சூடெல்லாம்
எத்தனை நாளில் வந்து கதவைத் தட்டும்?"

எஸ்கில் தாள்களைப் புரட்டினார்.
இணைப்பு நான்கில் வரும்.
இணைப்பு நான்கு இன்னும் எழுதப்படவில்லை.

அப்போதுதான் எதிர்மலையின் விளிம்பு
தீக்குச்சி உரசியதுபோல் பற்றியது.
நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் ஜன்னலுக்கு,
எஸ்கிலும், கையில் பேனா மூடியோடு.
வெளிச்சம் நேரே வந்து திரையில் விழுந்தது.
தூள், அம்புக்குறி, நூற்றுக்கு ஒன்று
எதுவும் தெரியவில்லை. வெள்ளைத் துணி.

11.40 முதல் 11.44 வரை
சிறு இடைவேளை.

கருத்துகளை வெள்ளி மாலை நான்குக்குள் அனுப்பலாம்.
அன்று பகல் ஒரு மணி நேரத்துக்குமேல் நீளும்.