வெட்டுக்கோடு

லொறி பின்வளவுக்குள் வராதாம்.
கராஜ் ஓரத்துச் சந்துக்குள்ளால்
நாற்பத்தொரு தள்ளுவண்டி கொங்கிறீட்.
எண்ணிக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்ய.

அடெலினோ முழங்காலில் நின்று
பலகையால் இழுத்து இழுத்துச் சமப்படுத்தினார்.
சமமில்லை, சரிவு:
அடிக்குக் கால் அங்குலம்,
வீட்டைவிட்டுத் தண்ணீர் விலகிப் போக.

மறுநாள் வாளோடு வந்தார்.
ஒன்பதாயிரம் டொலர்த் தரையை
நடுவால் அறுத்தார், பிறகு குறுக்கால்.
செருப்பும் போடாமல் ஓடினேன்.
"வெடிக்கும். ஏஜாக்ஸ் குளிருக்கு எப்படியும் வெடிக்கும்.
எங்கே வெடிப்பது என்பதை மட்டும்
நாம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்."
தூசியைத் துடைத்துவிட்டு
மற்றக் கோட்டுக்கு நூல் பிடித்தார்.

பாதிக் காசு கல்கரியிலிருந்து வந்தது,
குறிப்பில் "சீமெந்து" என்று மட்டும்.

ஏழு நாள் நனைக்க வேண்டும்.
காலையும் மாலையும் குழாயோடு நிற்கிறேன்.
ரோசாவுக்குக்கூட இப்படி ஊற்றியதில்லை.
நனைந்தால் கறுக்கிறது,
தேத்தண்ணி ஆறுவதற்குள் வெளிறிவிடுகிறது.
வேலிக்கு மேலால் ஷெரோன் கேட்கிறாள்,
கதிரைகள் எப்போது?

முழுதாய் இறுக
இருபத்தெட்டு நாள் ஆகுமாம், என்கிறேன்.

விற்பனைப் பலகை நடுவது
பதினெட்டாம் நாள்.