எண்ணுகிறவனுக்கு

இந்த ஊரில் ஆறு கிடையாது.
பாலத்துக்குக் கடலையே கொடுத்துவிட்டார்கள்.
இருபத்தைந்து கிலோமீட்டர்.
கோபரில் ஏறினால் பஹ்ரைனில் இறங்கலாம்,
பாஸ்போர்ட் கையில் இருந்தால்.
என்னுடையது கம்பெனி லாக்கரில்.

இரவு பதினொன்றுக்கு ஒரு தடத்தை அடைத்து
ஆரஞ்சுக் கூம்புகளை நட்டு
ஜாயிண்டைத் திறப்போம்.
பழைய ரப்பரைக் கடப்பாரையால் நெம்பினால்
உள்ளே மணல், சிகரெட் நுனி,
ஒருமுறை ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு.
விரிசல் அல்ல, வேண்டுமென்றே விட்டது.
ஆகஸ்டில் கான்கிரீட் வீங்குகிறது.
அதற்கும் மூச்சு விட இடம் வேண்டுமே.

இதே பாலத்தில்தான் போனான் பூமிராசன்.
கேம்ப் சீட்டை இரண்டாம் மாதமே
எட்டாயிரத்து அறுநூறுக்குத் தள்ளி எடுத்தான்,
தங்கச்சி கல்யாணம் என்றான்.
வியாழன் சாயங்காலம் யாருடைய வண்டியிலோ
பின் சீட்டில் உட்கார்ந்து போய்விட்டான்.
ஜாமீன் நான்.
மாதம் ஐந்நூறு எனக்கு, ஐந்நூறு அவனுக்கு.
வீட்டில் ஓவர்டைம் குறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

நடுத்தீவுப் பக்கம் வேலை விழும் நாட்களில்
கீழ்க்காற்று அடித்தால்
போன் தானாகவே எல்லை தாண்டிவிடும்.
‘பஹ்ரைனுக்கு நல்வரவு.’
ஒரே ராத்திரியில் ஒன்பது நல்வரவு.
விசா என் சட்டைப்பைக்குத்தான் கிடைக்கிறது,
சட்டைக்குள் இருப்பவனுக்கு இல்லை.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
தெரியாத நம்பர்.
கிரீஸ் கையோடு எடுத்தேன்.
“அண்ணே.”
கெட்ட வார்த்தைகள் வரிசையில் நின்றன,
ஒன்றும் வாய்க்கு வரவில்லை.
“காசு எங்கடா?”
“வர்ற மாசம்ணே.”
கொஞ்ச நேரம் லாரிச் சத்தம்,
அவன் பக்கத்ததா என் பக்கத்ததா தெரியவில்லை.
“அன்னைக்குக் கண்ணைத் திறக்கவே பயம்ணே.
ஜாயிண்டு மேல ஏறும்போது டடக்குனு கேக்குமில்ல,
அதையே எண்ணிக்கிட்டு வந்தேன்.
நூத்திப் பதினேழு வரைக்கும்.
அப்புறம் அழுதுட்டேன்.”

சிக்னல் போனது.
போல்ட்டை முறுக்கி முடித்தோம்.
நாலரைக்குக் கூம்புகளை எடுத்ததும்
முதல் வண்டி ஏறிப் போனது.
சத்தமே இல்லை.
ஷஃபிகுல் கட்டைவிரலைக் காட்டினான்,
நல்ல வேலை என்று.

நல்ல வேலைதான்.
இனி இந்த வழியில் ஓடுகிறவன் எவனுக்கும்
கணக்கில் ஒன்று குறையும்.