எட்டுத் தாள்கள்

சிம்மக்கல் மாடியில் ஞாயிறு வகுப்பு முடிந்துவிட்டது.
எட்டுத் தாள்களையும் கட்டிலில் பரப்பியிருக்கிறேன்,
பறக்காமலிருக்க ஃபேனை நிறுத்தியாயிற்று.
வியர்க்கிறது.

முதல் தாள் முட்டை.
நிழல் அதோடு ஒட்டவில்லை,
கடன் கேட்க வந்தவன் போலத் தள்ளி நிற்கிறது.
எதிரே வைத்து வரைந்ததை அன்றிரவே ஆம்லெட் போட்டோம்.
தாளில் இருப்பது இன்னும் வேகவில்லை.

ரெஜினா மிஸ் என்னைவிட ஒன்பது வயது சின்னவர்.
நாற்காலியை விடுங்கள்,
கால்களுக்கு நடுவே இருக்கிற வெற்றிடத்தை மட்டும் வரையுங்கள் என்றார்.
வரைந்தேன்.
நாற்காலி தானாக வந்து உட்கார்ந்தது.
மறுநாள் கடையில் பில் போடும்போது
வரிசையில் நிற்பவர்களின் இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவே
முக்கோணம் முக்கோணமாய்த் தெருவெளிச்சம்.
பார்த்துக்கொண்டே சில்லறை கொடுத்ததில்
நாற்பது ரூபாய் என் கையை விட்டுப் போனது.

யானைமலையை ஒத்தக்கடைப் பக்கமிருந்து போட்டேன்.
"எருமையா?" என்றான் பக்கத்து பெஞ்சு ஜாபர்.
அவனுடையது பன்ரொட்டி.

அடுத்தது என் இடது கை.
அழித்து அழித்துப் போட்டதில் ஆறு விரல்.
அதிகப்படியானதற்குத்தான் நகம் அழகாக விழுந்திருக்கிறது,
எடுக்க மனம் வரவில்லை.

நடுவில் மூன்று வாட்டர்கலர்.
காட்டமாட்டேன்.

கடைசியில் வைகை. கரித்துண்டால்.
பாலத்தின் வளைவுகளை எண்ணி எண்ணி வரைந்தேன்.
மிஸ் அவற்றைத் தாண்டிக் கீழ்மூலைக்கு அம்புக்குறி போட்டு
"இங்கே தண்ணீர் ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறார்.

அது தாளைப் பிடித்த ஈரக் கட்டைவிரல் இழுத்த கறை.
அவரிடம் சொல்லவில்லை.
அன்று ஆற்றிலும் தண்ணீர் இல்லை.