படகின் இலக்கம்

கூட்டம் மூன்று மணிக்கென்று போட்டிருந்தது.
கம்பெனி ஆட்கள் பனிச்சங்கேணிக்கு வந்திறங்க நாலரை.
வேனுக்குள்ளிருந்து கடலைச் சுருட்டி எடுத்து வந்து
சங்கக் கட்டிடத்து மேசையில் விரித்தார்கள்,
காற்றுக்கு எழும்பாமல் மூலைக்கொரு சோடாப் போத்தல்.

எங்கட கடல் சதுரம் சதுரமாகக் கிடந்தது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.
"கீரி படுகிற இடம் இதில எது?"
நல்லரெத்தினம் குனிந்து கேட்டான்.
கண்ணாடி போட்டவர் சிரித்தார்.

நான் செயலாளர். குறிப்பு எழுதுகிறேன்.
சிரிப்பை எப்படி எழுதுவது?

ஒரு கப்பல் வரும்.
அடியில் எண்ணெய் கிடக்கா என்று சத்தம் அனுப்பிக் கேட்கும்.
நாற்பது நாள் அந்தப் பக்கம் வலை விட ஒண்ணா.
நட்டஈடு உண்டு, படகொன்றுக்கு இவ்வளவு.
எழுதினேன்.

எண்ணெய் என்றதும் பின்வரிசையில் யாரோ செருமினார்கள்.
மண்ணெண்ணெய்க்குக் கேனைக் கயிற்றில் கோத்து
வரிசையில் விட்டுவிட்டு
வீட்டுக்குப் போய்ச் சோறாக்கித் திரும்பின ஆட்கள் நாங்கள்.
என்ட கேன் நீலம். மூடியில்லை, பொலித்தீன் கட்டினது.
அப்பவும் இது கடலுக்கடியில் கிடந்ததாமா?
அதை எழுதவில்லை.

படிவம் தந்தார்கள்.
பெயர். அடையாள அட்டை. படகின் இலக்கம்.

எங்களுக்குப் படகில்லை.
உப்பாற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில் கூடு கட்டி
நண்டு கொழுக்க வைக்கிறோம், பதினேழு பெண்கள்.
தோல் கழற்றிப் பஞ்சாய்க் கிடப்பதை
இருபது நாள் தீன் போட்டு இறுக்கி விற்கிறோம்.
மாரி இப்போது சொன்ன மாதத்தில் வருவதில்லை.
ஒரே இரவில் கொட்டி, முகத்துவாரம் உடைந்து, உப்புச் செத்து,
முந்நூறு நண்டு மல்லாந்து கிடந்த காலையில்
கிருபைராணி கணக்குக் கொப்பியைத் தண்ணிக்குள் எறிந்தாள்.
மறுகா அவளே இறங்கி எடுத்தாள்.
மையெல்லாம் கரைந்து, கூட்டுத்தொகை மட்டும் மிச்சம்.

அதற்குப் பிறகுதான் கூடுகளை மிதக்க விட்டோம்.
கரையெல்லாம் கண்ணா நட்டோம், ஆயிரத்து இருநூறு கன்று.
மாடு தின்றது. பாசி மூடியது.
எங்கட பிள்ளைகளே விக்கெட்டுக்குப் பிடுங்கினார்கள்.

"படகில்லாதவங்க அந்தக் கட்டத்தைச் சும்மா விடலாம்"
என்றார் கண்ணாடிக்காரர்.
கெட்ட மனிசனில்லை. சட்டை நனைந்திருந்தது.

"விட்டால் நாங்க எந்தக் கட்டத்தில?"
கிருபைராணி கேட்டாள்.
அவர் வரைபடத்தில் தேடினார்.
உப்பாறு அதில் ஒரு மயிர் அகலம்,
மேலே சோடாப் போத்தல் நின்றது.

அவள் என்ட பேனையை வாங்கி எழுதினாள்:
511.

"என்னகா அது?"
"நேத்து எண்ணினது. உசிரோட நிக்கிற கண்ணா."

பதினேழு படிவத்திலும் அதே இலக்கம்.
வாங்கியவர் ஒன்றும் கேட்கவில்லை, எண்ணி அடுக்கினார்.
கடல் திரும்பச் சுருண்டது. வேன் புழுதி கிளப்பிப் போனது.

நல்லரெத்தினம் வாசலில் நின்றான்,
ஒரு காலால் மற்றக் காலைச் சொறிந்தபடி.
"ஐந்நூற்றுப் பத்து" என்றான்.
"ஒண்டு பின்னேரம் என்ட தோணி முட்டி முறிஞ்சி போச்சு."

படிவங்கள் பாலத்தைத் தாண்டியிருக்கும்.
குறிப்பில் வெட்டித் திருத்தினேன்.
பக்கத்தில் அவனைக் கையெழுத்தும் வைக்கச் சொன்னேன்.