ஏரியைக் குடித்த ஆடு

தகரத் தட்டு, மூன்றடிக்கு இரண்டடி.
அதில் ஒரு மலை, ஒடுகத்தூர்ச் செம்மண்ணில்.
காட்டுக்கு, மண்டித் தெருவில் வாங்கிப்
பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள்.
அடிவாரத்தில் களிமண் கரை கட்டிய ஏரி,
மதகுக்குப் பேனா மூடி,
கிணறுகளுக்கு வெட்டிய ஸ்ட்ரா.
பன்னிரண்டு வருஷமாக இதை மடியில் ஏந்தி
ஜீப்பின் பின்சீட்டில் ஊர் ஊராகப் போகிறேன்.
பதவியின் பெயர் நீளம்.
ஊர்க்காரர்கள் சுருக்கிவிட்டார்கள்:
"தண்ணி சார் வந்துகீறாரு."
வெறுங்கையோடு வருகிறவனுக்கு
அப்படியொரு பெயர்.

அன்றைக்குப் பள்ளிகொண்டா தாண்டி ஒரு காலனி.
சித்திரை, காலை பதினொரு மணி.
வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை,
மைக்கின் கம்பிவலை உதட்டைச் சுட்டது.
பேனரைப் புங்கமரத்தில் கட்டினான் இம்தியாஸ்,
ஓட்டுநர், மேல்விஷாரத்துக்காரன்,
என் உரையை என்னைவிட நன்றாக அறிந்தவன்.
நான் "நிலத்தடி" என்று தொடங்கும்போதே
டீ சொல்லப் போய்விடுவான்.

வந்தவர்கள் நாற்பத்துமூன்று பேர்.
ஷூ கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு பெண்கள்,
நூறுநாள் வேலை அட்டையில் கையெழுத்தாகும் என்று
யாரோ சொன்னதை நம்பி வந்த பதினேழு பேர்,
மிச்சம் பிள்ளைகள்.

நான் மழை பெய்வித்தேன்,
பூவாளியில் கேன் தண்ணீர் ஊற்றி, மலைமேல்.
மரத்தூள் பக்கம் நின்று நிதானமாக இறங்கியது,
மொட்டைப் பக்கம் சேறாக ஓடியது,
ஏரி நிறைந்தது,
ஸ்ட்ராக்களில் நீர் மெல்ல ஏறியது.
இந்த இடத்தில் எப்போதும் கைதட்டுவார்கள்.
தட்டினார்கள்.
கூட்டத்தின் பக்கம் திரும்பி
சேமிப்பு என்ற சொல்லை எடுத்தபோது
முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்,
சளக், சளக்.

வெள்ளாடு.
காதில் இன்சூரன்ஸ் தோடு மாட்டிய கறுப்பு வெள்ளாடு
முன்னங்கால் இரண்டையும் மேசைமேல் ஊன்றி
ஏரியைக் குடித்துக்கொண்டிருந்தது.
அவசரமே இல்லை.
ஏரி முடிந்ததும் கிணறுகளுக்கு வந்து
ஒன்றைக் கடித்துப் பார்த்தது.
பிறகு காட்டை மேய்ந்தது;
சாயம் பிடிக்காமல் தும்மியது.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.
ஆட்டுக்காரி நவநீதம் மட்டும் சிரிக்கவில்லை.
கயிற்றை இழுத்துப் பிடித்தபடி தட்டை எட்டிப் பார்த்தாள்.
"எங்க ஏரிய குடிச்சது எந்த ஆடு சார்?"

கோபமாகக் கேட்கவில்லை.
காணாமற்போன உருப்படியை விசாரிக்கிற குரல்.
"இது குடிச்சத நீயே பாத்த. கவுறு என் கையில கீது.
அத்த ஒருத்தரும் பாக்கலியே."

என்னிடம் அதற்குப் படம் உண்டு.
பதினாறாவது படம், வண்ணத்தில்:
ஆக்கிரமிப்பு, மணல், போர்வெல், தோல் ஷாப்புக் கழிவு,
எல்லாவற்றுக்கும் அம்புக்குறி.
எந்த அம்பின் மறுமுனையிலும் ஆள் பெயர் கிடையாது;
அச்சுக்குப் போகும் முன் மேலதிகாரி பார்ப்பார்.
விரித்துக் காட்டினேன்.
ஒவ்வொன்றாக விரல் வைத்துப் போனாள்.
"எங்களுக்கும் ஒரு அம்பு போட்டுகீறீங்களே" என்றாள்.
இருந்தது. பொதுமக்கள் என்று.
எல்லாவற்றிலும் அதுதான் தடிமன்.

திரும்பும்போது பாலாற்றுப் பாலம்.
இம்தியாஸ் அங்கே எப்போதும் வேகம் குறைப்பான்,
ஆறு இருப்பதுபோல.
கீழே சீமைக்கருவேலம், ஒரு கிரிக்கெட் ஆட்டம்,
காயப்போட்ட யாருடைய சேலையோ.
தட்டு என் மடியில் காலியாகக் குலுங்கியது.

மறுநாள் அறிக்கை.
பங்கேற்றோர் 43. தேநீர் 43. துண்டறிக்கை 43.
'கேட்கப்பட்ட கேள்விகள்' கட்டத்தில்
ஒரு வரிக்குத்தான் இடம்.
'ஏரி பற்றி ஒன்று' என்று எழுதினேன்.
கணக்கர் சம்பந்தம் கேன் ரசீதைத் திருப்பித் தந்தார்.
டீசலுக்குத் தலைப்பு உண்டு, மைக்குக்கு உண்டு,
தேநீருக்கும் உண்டு;
தண்ணீருக்கு இல்லையாம், இந்தத் திட்டத்தில்.
முப்பத்தைந்து ரூபாய். என் கையிலிருந்து போயிற்று.

அடுத்த செவ்வாய் அணைக்கட்டுப் பக்கம் முகாம்.
சாயங்காலம் உட்கார்ந்து
ஏரிக்கரையைப் புதுக் களிமண்ணால் பூசினேன்.
கடிபட்ட கிணற்றை மட்டும் மாற்றவில்லை.
பதினாறாவது படத்தை மேசையில் விரித்து
அந்தத் தடித்த அம்பை
பிளேடால் சுரண்டிப் பார்த்தேன்.
கொஞ்சம் மெலிந்திருக்கிறது.