ஏரிக்குள் ஒரு கோடு

காவேரிப்பட்டணம் சந்தைத் தெருவில்
சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
ஃபேன் போடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது.
உள்ளே ஒற்றைத் தாளில் ஆன கூடுகள், சங்குகள்,
வெட்டில்லாமல், பசையில்லாமல்
முந்நூறு மடிப்பில் சுருண்டிருக்கும் ஒரு வெள்ளை முள்ளெலி.
ஏப்ரல் மாதம். வியர்த்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

நான் நில அளவர். முப்பது வருடச் சங்கிலி.
தில்ஷாத் மேடம் பர்கூரில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர்.
தாள் எங்கே மடியும், எங்கே மடிய மறுக்கும் என்று
இயந்திரத்துக்குச் சொல்லித் தருகிறவர்.
"இதில் எது மடிப்பு, எது வரப்பு?" என்று
வரைபடத்தை நீட்டினேன்.
நகலின் நகலின் நகல்.

திம்மராயனுக்கும் தம்பி மாதையனுக்கும்
பதினொரு சென்ட்டில் வழக்கு.
ஏழு செந்தூரா மரம், பாதிக் கிணறு.
குறுக்கே சாய்ந்து ஓடும் ஒரு கோடு.
அதுதான் எல்லை என்கிறான் அண்ணன்.
அப்பன் இருந்தவரை அங்கே கோடே இல்லை என்கிறான் தம்பி.
ஒன்பது வருடமாய் ஒருவர் வீட்டு எழவுக்கு ஒருவர் போவதில்லை.
வக்கீல்கள் மட்டும்
ஒரே பெஞ்சில் டீ குடிக்கிறார்கள்.

அவர் படத்தைப் படிக்கவில்லை.
வெற்றுத்தாள் ஒன்றை எடுத்தார்.
பாதியாக. பிறகு நாலாக.
பிறகு அவசரக்காரன் மாதிரி ஒரு மூலையைச் சாய்த்து.
"வேட்டி மடியில் செருகுகிற அளவு வந்துடுச்சா?"
பிரித்துக் காட்டினார்.
நடுப்புள்ளியில் நாலு மடிப்பு:
மூன்று பள்ளம், ஒரு மேடு.
"எந்தத் தாளும் இதை மீறாது சார்.
மேடும் பள்ளமும் சமமாய் வந்தால் தட்டையாய்ப் படுக்காது.
இரண்டு வித்தியாசம் இருந்தே தீரும்."
அண்ணன் தம்பி ஞாபகம் வந்தது; சொல்லவில்லை.
"இந்தச் சாய்வைப் பாருங்க.
மடித்தது ஒரு தடவை.
விழுந்தது நாலு இடத்தில்,
ஒன்றுக்கொன்று கண்ணாடி."

என் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
கோயில் நிலத்தில் ஒரு சாய்கோடு, மங்கல்.
சுடுகாட்டுப் பாதையில் ஒன்று, இன்னும் மங்கல்.
நாலாவது ஏரிக்கு நடுவே.
"தண்ணிக்குள்ள யார் சார் வரப்பு போட்டது?"

தொண்ணூற்றாறு, நான் வேலையில் சேர்ந்த வருடம்.
ஒருவர் மடியிலிருந்து எடுத்து நீட்டினார்;
வெற்றிலை வாசம் அடித்தது அந்தத் தாள்.
கிழியும் முன் நகலெடுத்துவிடு என்றார் தாசில்தார்.
மங்கிய கோடுகளை மையால் அழுத்தினேன்.
வயலில் இருந்ததை அழுத்தினேன்.
ஏரியில் இருந்ததை விட்டேன். அங்கே ஏது எல்லை?
அதுவரை அறிவு வேலை செய்திருக்கிறது.
கீழ் மூலையில் என் இரண்டெழுத்து இன்னும் இருக்கிறது.
மேடத்தின் விரல் அதன்மேல் கொஞ்சம் நின்றது.
நகர்ந்தது.

நகலுக்கு ஞாபகம் கிடையாது;
கோடு பார்த்து அவரே மடித்தார்.
கோயில் நிலம் ஏரிமேல் கவிழ்ந்தது,
மாமரங்கள் சுடுகாட்டுப் பாதையில் படுத்தன.
உள்ளங்கையில் அடங்கியது,
யாரோ ஒருவர் இடுப்பின் அளவு.

"எல்லாப் படத்துக்கும் மெஷின் இப்படிச் சொல்லிடுமா?"
"சின்னத் தாளுக்குச் சொல்லும்.
கோடுகள் கூடக் கூட
அதுவும் நம்மள மாதிரி திணறும்."

அறிக்கை எழுதினேன். அழுத்தியது யார் என்றும் எழுதினேன்.
தீர்ப்பு வரவில்லை, வாய்தாதான் வந்தது.
மறு வருடம் காய்ப்பு முடிகிற சமயம்
மாதையன் மாடியேறி வந்தான்,
ஒரு கூடை செந்தூரா,
ஒவ்வொன்றும் தினத்தாளில் சுற்றி.
லஞ்சமாகிவிடுமே என்று நான் நெளிய,
மேடம் ஒவ்வொன்றாய்ப் பிரித்தார்.
பழத்தையெல்லாம் கீழே சைக்கிள் கடைக்கு அனுப்பிவிட்டு
கசங்கிய தாள்களை மடியில் போட்டு
நீவிக்கொண்டிருந்தார்.