நூற்றுப் பதினாறு

வெட்டாற்று ரெகுலேட்டரில் நான் லஸ்கர்.
காலை ஆறுக்கு அளவுகோல் பார்த்து
நோட்டில் எழுதுவது வேலை.
எண்கள் எனக்குப் புதிதில்லை.

திருவாரூர் பெரியாஸ்பத்திரியில்
சீட்டை நீட்டினார்கள்: சோடியம் 116.
பக்கத்தில் சிறிய எழுத்தில், 135 முதல் 145.
கோமளவல்லிக்கு அன்று
என்னை அடையாளம் தெரியவில்லை.
சோற்றுக் கரண்டியால் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

உப்பு குறைச்சல் என்றதுமே
மச்சினி கைப்பிடி கல்லுப்போடு
கஞ்சி கரைக்கக் கிளம்பிவிட்டாள்.

டாக்டரம்மா தடுத்தார்.
"பிரஷருக்கு நீர் மாத்திரை,
வெயிலுக்குப் பயந்து குடம் குடமா தண்ணி.
உப்பு போயிடுச்சு, தண்ணி நின்னுடுச்சு.
இது உப்போட கணக்கு மட்டுமில்ல,
எவ்வளவு தண்ணியில எவ்வளவு உப்புங்கிற கணக்கு."

வடியாத வயல்.
எனக்குத் தெரியும்.

"நாளைக்கு எட்டுக்கு மேல ஏத்தக் கூடாது.
வேகமா ஏத்துனா மூளை தாங்காது."

அதுவும் தெரியும்.
காய்ந்து வெடித்த கரைக்கு
ஷட்டரை ஒரேயடியாய்த் தூக்கிய வருஷம்
கீழே உடைப்பெடுத்தது.
அந்த மெமோ இன்னும் பெட்டியில் இருக்கிறது.

சொட்டுச் சொட்டாய் இறங்கியது பாட்டில்.
ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள்.
கேஜ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
116, 119,
118 (அப்போது என் கை ஆடியிருக்கிறது),
123.

மூன்றாம் நாள் 130.
ஆஸ்பத்திரி சாம்பாரைத் தொட்டு நக்கிவிட்டு
முகத்தைச் சுளித்தாள்.
"என்னங்க இது, உப்பே இல்ல."

நோட்டில் அதற்குக் கட்டமில்லை.